நாற்காலிக்கு அனுமதி தேவையில்லை

தஞ்சோங் லாயாங்,
16 ஏப்ரல் 2024

அன்புத் தங்கை பேச்சியம்மாளுக்கு அண்ணன் சதாசிவம் தன் கையால் எழுதுவது.

முதலில் என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் எனக்குத் தெரியாமல் சிரி. ஒவ்வொரு எழுத்தும் கோழிக்குஞ்சு அளவுக்கு இருக்கிறது, கோழிக்குஞ்சு மாதிரியே ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறது. 'ண' எழுத உட்கார்ந்தால் எத்தனை சுழி போட்டேன் என்று விரல் மறந்துவிடுகிறது. மன்னித்துக்கொள். ஆனால் இதில் ஒரு சொல்லும் அடுத்தவர் எழுதியது இல்லை.

நீயும் மாப்பிள்ளை சுகுமாறனும் மகள் தேன்மொழியும் சுகமா? உனக்கு இனிப்புநீர் வியாதி கட்டுக்குள் இருக்கிறதா? எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் நன்றாகவே வேலை செய்கிறது.

எப்படி நடந்தது தெரியுமா? எஸ்டேட் தமிழ்ப்பள்ளிக்குத் தேங்காய் கொண்டுபோய்ப் போட்டேன். ஷர்மினி டீச்சர் ரசீதை நீட்டினார். நான் வழக்கம்போல் கட்டைவிரலை நீட்டினேன். "மை டப்பா இல்லையே அங்கிள். பேனாதான் இருக்கு. கத்துக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். இப்போது சனிக்கிழமை தோறும் போகிறேன். வகுப்பில் எல்லாரும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டின கைகள்தான்.

இப்போது கண்ணில் படுவதை எல்லாம் படிக்கிறேன். பால் டின்னைக்கூட விடுவதில்லை. கோயில் சுவரில் ஒரு வரி எழுதியிருக்குமே, இத்தனை வருஷமாக அது சாமி பெயர் என்று நினைத்துத் தொட்டுக் கும்பிட்டேன். 'செருப்பை இங்கே விடவும்' என்று எழுதியிருக்கிறது.

இனி எனக்குப் போன் செய்யாதே. இங்கே பாறை உச்சிக்கு ஏறினால்தான் லைன் கிடைக்கும் என்பது உனக்கே தெரியும். எழுது. எனக்குப் படிக்க ஆள் தேவையில்லை, கடிதம்தான் தேவை.

என் மனையை ஒட்டிய உங்கள் மனையைத் தினமும் போய்ப் பார்க்கிறேன். கடலும் மரமும் அப்படியே இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டை எப்போது தொடங்குகிறார்?

உன் பதிலைத் தபால்காரரிடம் இன்றே கேட்கத் தொடங்கிவிட்ட அண்ணன்,
சதாசிவம்

*

பாசிர் கூடாங்,
8 மே 2024

என் அண்ணனுக்கு, பேச்சி வணக்கத்துடன் எழுதுவது.

சிரிக்கவில்லை அண்ணா. அழுதேன். என் கல்யாணப் பதிவில் சாட்சியாக நீ கைநாட்டு வைத்தபோது, யாரும் பார்க்காமல் விரலை வேட்டியில் துடைத்தாயே, அது ஞாபகம் வந்தது. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நீ அப்பாவோடு மரம் வெட்டப் போனாய். இப்போது நீ எழுதி நான் படிக்கிறேன். கடிதத்தைப் படித்து முடிக்க எனக்கு நேரமானது. மெதுவாகத்தான் படித்தேன். மெதுவாகப் படிப்பது நல்லதுதானே.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரைபடம் போட்டாகிவிட்டது. இரண்டு மாடி. மேல்மாடியில் எங்கள் அறை. கடல் பக்கம் சுவரே கிடையாது, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. பாறை விளிம்பை ஒட்டியே வருகிறது. படுத்த இடத்திலிருந்து கடல் தெரிய வேண்டும் என்று நான்தான் கேட்டேன். இங்கே எங்கள் பிளாட் ஜன்னலில் தொழிற்சாலைப் புகைபோக்கிதான் தெரிகிறது, அதுவும் ராத்திரியில் நெருப்போடு. இந்த வருஷத்துக்குள் குடிபோய்விட வேண்டும் என்று உன் மாப்பிள்ளை அவசரப்படுகிறார். எனக்கும் அவசரம்தான்.

நகராண்மைக் கழகத்திலிருந்து பக்கத்து நிலக்காரர் என்று உனக்கு ஒரு கடிதம் வரும். வந்தால் நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே சம்மதம் என்று அர்த்தமாம்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

அன்புடன்,
பேச்சி

*

தஞ்சோங் லாயாங்,
2 ஜூன் 2024

பேச்சிக்கு, சந்தோஷத்தில் தூங்காத அண்ணன் எழுதுவது.

நீ சுகமா? மாப்பிள்ளை சுகமா? என் முழங்காலை நானே மறந்துவிட்டேன். காரணம் கேள்.

நகராண்மைக் கழகத்துக் கடிதம் வந்துவிட்டது. உறையில் என் பெயர் அச்சில் இருந்தது! உள்ளே எல்லாம் மலாய். ஷர்மினி டீச்சர் படித்துச் சொன்னார். 'இந்த இடத்தில் வீடு கட்டுவது பற்றி உங்கள் கருத்து என்ன' என்று கேட்டிருக்கிறார்கள். எழுபத்தொரு வயதில் முதல் முறையாக அரசாங்கம் என் கருத்தைக் கேட்கிறது. நீ சும்மா இருக்கச் சொன்னாய். எப்படிச் சும்மா இருப்பது? உங்களுக்காக நாலு நல்ல வார்த்தை எழுதக்கூடாதா?

எழுதினேன். டீச்சர் ஒரு வரி விடாமல் மலாயில் மாற்றினார். எல்லாம் எனக்கு மனப்பாடம். கேள்:

'ஐயா, இது ஜொகூரிலேயே அழகான இடம். என் தங்கை வீடு வரப்போகும் இடத்தில் ஒரு பெரிய பெனாகா மரம் நிற்கிறது. கடற்கழுகு வருஷாவருஷம் அதில்தான் கூடு கட்டும். மரத்தை வெட்டினால்தான் வீட்டுக்கு இடம் வரும். என் மாப்பிள்ளை கெட்டிக்காரர், வெட்டிவிடுவார். நவம்பர் காற்றில் விளிம்பு மண் சரிந்து கடலில் விழும். போன வருஷம் நான் நின்று தூண்டில் போட்ட இடம் இப்போது இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் வீடு கட்டத் துணிந்தவர் என் மாப்பிள்ளை. பயம் அறியாதவர். அவருக்குக் கட்டாயம் அனுமதி கொடுக்க வேண்டும்.'

"அங்கிள், இதையெல்லாம் எழுதணுமா?" என்று டீச்சர் கேட்டார். "உள்ளதைத்தானே எழுதுறேன் டீச்சர்?" என்றேன். கீழே கையொப்பம் போட்டேன். 'ச'வின் காலை நீளமாக இழுத்து, அதன்மேல் மற்ற எழுத்துகளை உட்கார வைத்தேன். பார்க்க ஒரு படகு மாதிரி இருந்தது.

அது சரி, உன் எழுத்துக்கு என்ன ஆனது? வரியை விட்டுச் சரிந்து இறங்குகிறதே! எங்கள் வகுப்பில் சேர்ந்துவிடு. ஷர்மினி டீச்சரிடம் நீ அடி வாங்குவதைப் பார்க்க எனக்கு ஆசை.

பெருமையுடன்,
அண்ணன்

*

பாசிர் கூடாங்,
9 ஜூலை 2024

அண்ணாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் பெரிதாக இருக்காது.

நகராண்மைக் கழகத்தில் உன் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். உன் கடிதத்தை அவர் எதிரிலேயே படித்துக் காட்டினார்களாம். இடத்தை நேரில் வந்து பார்க்கும் வரை அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "உங்க அண்ணன் எனக்குக் கைகொடுக்கிறேன்னு நினைச்சு காலை வாரி விட்டுட்டாரு" என்றார். அப்புறம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நீ நல்ல எண்ணத்தில் எழுதினாய். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், இப்போது ஒத்துக்கொள்ள மாட்டார். கொஞ்ச நாள் போகட்டும்.

எழுதுவதை மட்டும் நிறுத்தாதே.

பேச்சி

*

தஞ்சோங் லாயாங்,
18 ஜூலை 2024

என் பேச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று கோழிகளுக்குத் தீனி போட மறந்துவிட்டேன். உடம்பு சுகம்தான். மனம் சுகமாக இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

நகராண்மைக் கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ரொஹானா. தேன்மொழி வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு, காலில் பெரிய பூட்ஸ். உங்கள் மனை முழுவதும் நடந்தாள். விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். பிறகு மரத்துக்குப் பின்னால் சிவப்பு முளைகளை வரிசையாக அடித்தாள். முளைக்கும் கடலுக்கும் நடுவில் எதையும் கட்டக்கூடாதாம். மரத்தை வெட்டக்கூடாது. மாடி கூடாது. மழைத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பாறைமேல் விடக்கூடாது. வடக்கே ஒரு விடுதிக்காரன் விளிம்பில் நீச்சல் குளம் கட்டி, அது இரண்டாகப் பிளந்து நிற்கிறது என்று படம் காட்டினாள்.

அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, சொந்த மாமாவைக் கூப்பிடுவது மாதிரிக் கூப்பிட்டு, என்ன சொன்னாள் தெரியுமா? "பாக்சிக், எங்க ஆபீசுக்கு வர்ற கடிதத்தில் எல்லாம் 'சம்மதம் இல்லை'ன்னு ஒரே வரிதான் இருக்கும். உங்க கடிதத்தைப் படிச்சுட்டுத்தான் இந்த இடத்தைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு வந்தேன்."

"அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கலாமா?" என்று கேட்டேன்.

"அதில் எழுதினது பொய்யா?"

பேச்சி, நீயே சொல். எழுதியதெல்லாம் பொய் என்று எழுதிக் கொடுத்துவிடவா? உங்களுக்கு வீடு கிடைக்கும் என்றால் கொடுத்துவிடுகிறேன். நீ ஒரு வரி எழுது போதும்.

ஒன்றைக் கவனித்தாயா? என் எழுத்து சிறியதாகிவிட்டது. டீச்சர் இரட்டைக்கோட்டு நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒற்றைக்கோட்டு நோட்டைக் கொடுத்துவிட்டார். ஒரு தாளில் இவ்வளவு அடங்கிவிட்டது பார். இந்த வருத்தத்திலும் அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்

*

தஞ்சோங் லாயாங்,
19 ஆகஸ்ட் 2024

பேச்சிக்கு,

நலமா என்று கேட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. மறுபடியும் கேட்கிறேன், நலமா?

தபால்காரர் இப்போது என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். பாறை உச்சிக்கு ஏறிப் போன் செய்தேன். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. மாப்பிள்ளை எடுக்கமாட்டார், அது எனக்குத் தெரியும். நீயுமா?

மறுப்புக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். 'நான் எழுதியது பொய்' என்று முதல் வரி. அழகாகவே வந்தது. எழுத்து நேராக, சிறியதாக, டீச்சர் பார்த்தால் நட்சத்திரம் போடுவார். ஆனால் இரண்டாவது வரிக்குக் கை போகவில்லை. பொய் என்றால் எது பொய்? கழுகு இல்லை என்று எழுதவா? வெளியே அது கத்திக்கொண்டே இருக்கிறது.

இருந்தாலும் உன்னைவிடக் கழுகு எனக்குப் பெரிதில்லை. அடுத்த மாதத் தொடக்கத்தில் டீச்சர் கோத்தா திங்கிக்குப் போகிறார். அவரோடு போய் நகராண்மைக் கழகத்தில் கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்றால் அதற்குள் சொல்.

அண்ணன்

*

பாசிர் கூடாங்,
1 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு, தேன்மொழி எழுதுவது.

நலமா மாமா? மெர்டேக்கா சுதந்திர நாளுக்குச் சிங்கப்பூரிலிருந்து நேற்றுத்தான் வந்தேன். வந்ததும் அம்மா உங்கள் கடிதங்கள் இரண்டையும் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வாசிக்கச் சொன்னார். இப்போது அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

'அண்ணா, அந்தக் காகிதத்தைக் கொடுக்காதே. நீ பிறந்ததிலிருந்து எழுதிய முதல் கருத்து அது. அதைப் பொய் என்று நீயே எழுதி, அதன் கீழே படகு மாதிரி கையொப்பமும் போடுவாயா? எனக்கு அப்படி ஒரு வீடு வேண்டாம்.'

(அப்பா சமையலறையிலிருந்து, "எனக்கு வேணும்னு எழுதும்மா!" என்கிறார். அதை எழுதக் கூடாது என்று அம்மா சொல்கிறார். எழுதிவிட்டேன்.)

'கோபமில்லை. உடம்பு நலம். கையில் வேலை நிறைய இருப்பதால் எழுத முடியவில்லை. நீ முழங்காலை வைத்துக்கொண்டு பாறைமேல் ஏறாதே.'

இவ்வளவுதான் சொன்னார் மாமா. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

அன்புடன்,
தேன்மொழி

*

தஞ்சோங் லாயாங்,
10 செப்டம்பர் 2024

மதிப்புள்ள மாப்பிள்ளைக்குச் சதாசிவம் எழுதிக்கொள்வது.

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். என்மேல் உள்ள கோபத்தோடு இதைக் கிழித்துப் போட்டாலும் சரி, படித்துவிட்டுக் கிழியுங்கள்.

மறுப்புக் கடிதத்தைக் கொடுக்கவில்லை, அடுப்பில் போட்டுவிட்டேன். நான் எழுத வந்தது அதைப் பற்றியில்லை.

பேச்சிக்கு என்ன?

மே மாதம் அவள் எழுதிய கடிதத்தில் வரிகள் சரிந்து இறங்கின. நான் கேலி செய்தேன். ஜூலையில் வந்ததில் ஒரு வரியின்மேல் இன்னொரு வரி ஏறி நிற்கிறது. செப்டம்பரில் பிள்ளையை விட்டு எழுதுகிறாள், என் கடிதத்தையும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் மாப்பிள்ளை அவள். எழுத்துத் தெரியாத பழைய சதாசிவமாக இருந்தால் ஒன்றும் புரியாமல் சந்தோஷமாக இருந்திருப்பேன்.

பொய் சொல்லாமல் எழுதுங்கள். மிச்சத்தை நான் தாங்கிக்கொள்வேன்.

சதாசிவம்

*

பாசிர் கூடாங்,
26 செப்டம்பர் 2024

மச்சானுக்கு,

வணக்கம். நான் கடிதம் எழுதி வருஷக்கணக்காகிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இனிப்புநீரால் வந்தது. இரண்டு கண்ணுக்கும் லேசர் செய்தார்கள், ஊசி போடுகிறார்கள். இருப்பதைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம், போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்காகத்தான் அந்தக் கண்ணாடி அறை. விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தால் கண் மங்கினாலும் கடல் தெரியும் என்று கணக்குப் போட்டேன். இந்த வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஓடினேன். உங்கள் கடிதத்தை அந்த அலுவலகத்தில் வாசித்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'பயம் அறியாதவர்' என்று எழுதியிருந்தீர்கள். பயத்தில்தான் மச்சான் வரைபடமே போட்டேன்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்றாள். "எங்க அண்ணன் இப்பதான் எழுத்தைப் பிடிச்சிருக்கு. எனக்குக் கண் போகுதுன்னு தெரிஞ்சா அது பேனாவைக் கீழே வெச்சிடும்" என்றாள்.

உங்கள் முதல் இரண்டு கடிதங்களை அவளே படித்தாள். ஜூலையில் வந்ததைப் படிக்க முடியவில்லை. எழுத்து சிறுத்துவிட்டதே. என்னிடம் கேட்டால் நான் கத்துவேன் என்று, மகள் வரும்வரை தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். அதனால்தான் பதில் வரவில்லை. போனை எடுக்காதது நான்.

சிவப்பு முளைக்குப் பின்னால், மாடி இல்லாமல், மரத்தை விட்டுவிட்டுக் கட்டினால் பார்க்கலாம் என்கிறார்கள். புது வரைபடம், மறுபடி அனுமதி, பிறகு மழைக்காலம். அடுத்த வருஷம்தான் கல் வைக்க முடியும். அதுவரை அவள் கண் நிற்குமா?

உங்களைத் திட்டவே உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் கோபம் பாதியாகிவிட்டது. எழுதுவதில் இப்படி ஒன்று இருக்கிறது போல.

சுகுமாறன்

*

தஞ்சோங் லாயாங்,
6 அக்டோபர் 2024

என் பேச்சிக்கு,

நீயே படி. தேன்மொழியைக் கூப்பிடாதே. டீச்சரிடம் சண்டை போட்டுப் பழைய இரட்டைக்கோட்டு நோட்டைத் திருப்பி வாங்கிவிட்டேன். கோழிக்குஞ்சு எழுத்து வந்துவிட்டது. இந்தக் கடிதம் எத்தனை தாள் ஆனாலும் ஆகட்டும்.

மாப்பிள்ளை எல்லாம் எழுதிவிட்டார். நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பார்த்தாயா?

உன் எழுத்தைக் கேலி செய்ததை நினைத்தால் என் கையை நானே கடிக்கலாம் போலிருக்கிறது. அதை விடு.

மழை தொடங்குவதற்குள் வாருங்கள். தீபாவளி இங்கே. என் வீடு சட்டம் வருவதற்கு முன்பே கட்டியது. ஓர் அடி நீட்டக்கூடாதாம். ஆனால் உள்ளே யாரைத் தங்கவைப்பது என்பது என் இஷ்டம். முன்னறையை உங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கோழிகளுக்குப் பக்கத்தில் நான் படுத்துக்கொள்கிறேன். அவை ஒன்றும் சொல்லாது.

உனக்காகக் கடைத்தெருவில் ஒரு சாய்வு நாற்காலி வாங்கினேன். உங்கள் மனையில் போடலாமா என்று சந்தேகம் வந்தது. ஒருமுறை சூடுபட்டவன் இல்லையா? பாறை உச்சிக்கு ஏறி (திட்டாதே) ரொஹானாவுக்குப் போன் செய்தேன்.

"முளைக்கு அந்தப் பக்கம் எதையும் வைக்கக் கூடாதுன்னீங்களே, ஒரு நாற்காலி போட அனுமதி வேணுமா?"

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் லைனே அறுந்துவிட்டது. மறுபடி அவளே கூப்பிட்டாள். "கெருசி தா பாயா லைசென், பாக்சிக்" என்றாள். நாற்காலிக்கு அனுமதி தேவையில்லையாம்.

கடலைப் பார்க்க வீடு எதற்கு? வா.

அண்ணன்

*

பாசிர் கூடாங்,
14 நவம்பர் 2024

அண்ணா,

தடித்த மார்க்கர் பேனாவால் நானே எழுதுகிறேன். ஒரு தாளில் கொஞ்சம்தான் அடங்கும்.

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீ கொடுத்த முறுக்கு வழியிலேயே தீர்ந்துவிட்டது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். "அதோ கழுகு, அதோ!" என்று நீ காட்டியபோது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது போல் தலையாட்டினேன். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய்.

ஆனால் கடல் தெரிந்தது. காலையில் வெள்ளையாக, மத்தியானம் பச்சையாக. கடல் பெரிய எழுத்து, அண்ணா. படிக்க முடிகிறது.

நீ பார்க்காத ஒன்று. கடைசி நாள் நீ டீ போடப் போயிருந்தாய். இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றவர், "உங்க அண்ணன் தூண்டில் போட்ட இடம் எதுடி?" என்றார். நீ காட்டிய இடத்தைச் சொன்னேன். போய்ப் பார்த்தார். அந்த இடம்தான் இப்போது இல்லையே. திரும்பி வந்து, என்னை நாற்காலியோடு சேர்த்து இழுத்துக்கொண்டுபோய், சிவப்பு முளைக்கு இந்தப் பக்கம் வைத்தார்.

"இங்கேருந்து தெரியுதா?" என்றார்.

மரத்துக்கு நடுவில் தெரிந்தது. தெரிகிறது என்றேன். அது பொய்யில்லை.

புது வரைபடத்தில் என் ஜன்னல் அந்த இடத்தில்தான்.

பேச்சி

*

தஞ்சோங் லாயாங்,
9 மார்ச் 2025

பேச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் அண்ணன் எழுதுவது.

இருவரும் நலமா? போன வார ஊசி வலித்ததா? வலித்தது என்றால் வலித்தது என்றே எழுது. இங்கே என்னிடம் மறைக்க முடியாது, எனக்கு எழுத்துத் தெரியும்.

மழைக்காலம் போய்விட்டது. விளிம்பு இந்த வருஷம் அதிகம் விழவில்லை. மாப்பிள்ளையிடம் சொல், உடனே பழைய வரைபடத்தை எடுத்துவிடாமல் இருக்கட்டும்.

அனுமதி வந்த சேதியை ரொஹானாவே சொன்னாள். நேற்று மேஸ்திரி வந்து கயிறு கட்டினார். ஒரு தளம், மரத்துக்குப் பின்னால். உன் ஜன்னல் வரும் இடத்தில் நாற்காலியைப் போட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு கிளைக்கு நடுவில் கடல், உன் புடவை முந்தானை அகலத்துக்கு. "இது போதுமாய்யா?" என்று மேஸ்திரி கேட்டார். தங்கைக்குப் போதும் என்றேன்.

பெனாகா மரத்தில் ஒரு குஞ்சு பொரித்திருக்கிறது. கூட்டின் ஓரத்தில் நின்று சிறகை அடித்துப் பார்க்கிறது, பிறகு பயந்து உட்கார்ந்துவிடுகிறது. அது பறக்கும் அன்று என்ன நிறம், எந்தப் பக்கம் போனது, எல்லாம் எழுதுகிறேன். 'அதோ' என்று இனிக் காட்ட மாட்டேன்.

டீச்சர் இன்னும் என்னைத் திட்டுகிறார். "அங்கிள், எல்லாரும் ஒற்றைக்கோட்டுக்கு வந்துட்டாங்க. நீங்க மட்டும் ஏன் இன்னும் இவ்வளவு பெரிசா எழுதுறீங்க?" என்கிறார். தாள் வீணாகிறதாம். ஆகட்டும்.

இதோ, தாள் முடிந்துவிட்டது. குஞ்சு இன்னும் கூட்டிலேயே நிற்கிறது. அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அண்ணன்
சதாசிவம்